நிலக்கரி போட்டவரின் பெயர்

எங்கள் ஊர் ஜெர்மனியின் வடகடல் கரையில் ஒரு துறைமுகம். இங்கே கடலைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடலில் கால் நனைக்காதவர்கள். அவர்களில் முதல் ஆள், போரில் மூழ்கிய மீன்பிடிக் கப்பல்களுக்கென்று இங்கே இயங்கும் நினைவுச் சங்கத்தின் தலைவர். காப்புறுதி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும் கப்டன் தொப்பியும் வாங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கடையில் வெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கும்போதும் கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்ப்பார். தூரத்தில் இருப்பது வெற்றுப் போத்தல்களை வாங்கிக்கொள்ளும் மெஷின்.

நான் இந்த ஊரின் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷம். வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். நீளமான வாய் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பல்வைத்தியரிடம்கூட நாள் எடுக்க முடியாது என்பது என் பதில்.

தலைவரோடு எனக்குச் சண்டை வந்தது என் பொறுப்பில் இருந்த ஓர் அம்மாவால். எண்பத்தேழு வயது. கல்யாணம் செய்யாதவர். மீன் ஆலையில் வெட்டுமேசையில் நின்று வேலை செய்தவர். அந்த மேசையில் எல்லாரும் எல்லாரையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அதனால் இல்லத்திலும் தன்னை அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார். குடும்பப்பெயரை நாங்கள் மருந்துப் பெட்டியில்தான் பார்ப்போம். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்புவார். புதிதாக வந்த ஒருத்தி, இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அழுதே விட்டாள்.

அந்த அம்மாவின் அப்பா ஓர் இழுவைக் கப்பலில் நிலக்கரி போட்டவர். கப்பலின் அடியில் கொதிகலனுக்கு முன்னால் நின்று, மண்வெட்டியால் கரியை அள்ளி நெருப்புக்குள் எறிவது அவர் வேலை. வருஷா வருஷம் ஐஸ்லாந்துப் பக்கம் போய் மீன் கொண்டுவந்த கப்பல் அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மன் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. சாம்பல் நிறம் அடித்து, முன்பக்கத்தில் ஒரு பீரங்கியைப் பூட்டி, காவல் கப்பல் என்று பெயர் வைத்தார்கள். மீனவர்களை இறக்கிவிட்டுக் கடற்படைக்காரரை ஏற்றினார்கள். இவருடைய அப்பாவை மட்டும் இறக்கவில்லை. அந்தப் பழைய கொதிகலனின் குணம் வேறு ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. கப்பலோடு சேர்த்து ஆளையும் எடுத்து ஒரு சீருடையை மாட்டிவிட்டார்கள். நோர்வேக் கரைக்கு அப்பால் எதிரியின் நீர்மூழ்கி ஒன்று டோர்பிடோ விட்டது. கரி அள்ளுகிறவர் இருந்த இடம் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. மகளுக்கு அப்போது நாலு வயது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் அரசாங்கம் காணியைப் பறிப்பதற்குச் சுவீகரிப்பு என்று சொல்வார்கள். பிள்ளையைத் தத்தெடுப்பதற்கும் ஏறக்குறைய அதே சொல். பறிக்கிறவர்கள் எல்லா மொழியிலும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். போர்க்காலத்தில் எங்கள் கரையில் மீன்பிடி வள்ளம் கேட்டு வந்தவர்களில் ஒருவரும் பறிக்கிறோம் என்று சொன்னதில்லை, தேவைக்கு எடுக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். திருப்பித் தருவதாக யாரும் சொன்னதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

சங்கம் இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு புதிய வெண்கலப் பலகை செய்ய முடிவெடுத்தது. பழைய கல்லில் அந்தக் கப்பலின் அதிகாரியும் பீரங்கிக்காரரும் மட்டும் இருந்தார்கள். புதியதில் எல்லாரும் இருப்பார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி. பலகையின் வாசகத்தையும் போட்டிருந்தார்கள். நான் அதை அந்த அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். "கடற்படையின் சேவைக்கு வழங்கப்பட்ட" கப்பல் என்று இருந்தது.

"யார் வழங்கினது?" என்று அந்த அம்மா கேட்டார். "என் அப்பாவா?"

நல்ல கேள்வி. யாருடைய போர், எதற்காக அந்தக் கப்பல் நோர்வேக்குப் போனது, அங்கே அதற்கு என்ன வேலை என்பதைப் பற்றி வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை. கடமை இருந்தது, கடல் இருந்தது, அமைதி இருந்தது. கேக்குக்கு மேலே போடும் கிரீம் மாதிரி இந்த மூன்றையும் எந்தக் கல்லுக்கு மேலேயும் பூசலாம்.

ஆனால் அந்த அம்மாவுக்கு வாசகம் முக்கியம் இல்லை. பெயர்தான் முக்கியம். அதை அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். இந்த நாட்டில் கல்லறையும் குத்தகைதான். தவணை முடிந்தால் நீடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லைத் தூக்கிவிட்டு நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். அவருடைய அம்மாவின் கல்லறைக்கு வந்த கடிதத்தை, கண் தெரியாத காரணத்தால், விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். கல் போய்விட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் தனக்குப் பெயர் போடாத புல்தரைக் குழியையே எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் தம்பி கிடையாது. அந்தக் குடும்பப்பெயரோடு உலகத்தில் மிச்சம் இருந்தது இவர் ஒருத்தர்.

"நான் போனால் எங்கள் பெயர் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. ஒரு கதவில்கூட இல்லை. அந்தப் பலகையில் அது நின்றால் எனக்குப் போதும்," என்றார்.

நான் சங்கத்துக்கு எழுதினேன். தலைவர் பதில் போட்டார். நிலக்கரி போட்டவர் சிவிலியன் பணியாளராக இருந்திருக்கக் கூடும், கடற்படையின் பட்டியலில் இல்லை, ஆவணச் சான்று இல்லாமல் எதையும் வெண்கலத்தில் வார்க்க முடியாது, அன்பான வணக்கங்கள். அந்த அன்பான வணக்கங்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோர்பிடோ வரும்போது ஆவணம் பார்த்தா வந்தது?

சான்று எங்கே இருந்தது தெரியுமா? அந்த அம்மாவின் அலுமாரியில், நோய்க் காப்புறுதிக் கடதாசிகள் வைத்த கோப்பில், போன வருஷத்துக் கண்ணாடி ரசீதுக்குப் பின்னால். கடற்படை அவருடைய அம்மாவுக்குப் போட்ட கடிதம். உங்கள் கணவர் கப்பலோடு கடலில் தங்கிவிட்டார் என்று எழுதியிருந்தது. இங்கே கடலில் செத்தவரைக் கடலில் தங்கிவிட்டார் என்றுதான் சொல்வார்கள். மழைக்கு ஒதுங்கி நண்பர் வீட்டில் தங்கிவிட்ட மாதிரி.

அதை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கே போனேன். மீன் உணவகம் ஒன்றின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். பன்னிரண்டு ஆண்கள், பன்னிரண்டு துண்டு அப்பிள் கேக், சுவரில் மாட்டிய சுக்கான். தலைவர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கள்ளநோட்டுப் பார்க்கிற காசாளர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு, தாமதமாக வந்த விண்ணப்பங்களைப் பற்றிச் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிக்கோவையில், என்ன இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். நான் எழுந்து நின்றேன். உங்களில் எத்தனை பேர் கரி அள்ளியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு எண்பத்தேழு வயது, அவர் உங்கள் யாப்பு முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டுமா என்றும் கேட்டேன். ஒருத்தரும் கேக்கில் கை வைக்கவில்லை. வாக்கெடுத்தார்கள். கப்பலில் செத்தவரைக் கப்பலில் செத்தவராக ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது தலைவர் வாசல்வரை வந்தார். பலகை வார்ப்பது வேறு ஊரில் ஒரு வார்ப்பாலை, பெயரை அவர்களுடைய படிவத்தில் நிரப்ப வேண்டும், அந்த வாரக் கடைசிதான் எல்லை என்றார். படிவத்தைக் கையில் தந்தார்.

"நிரப்பி என்னிடம் தாருங்கள். நான் ஒருமுறை சரிபார்த்து அனுப்பிவிடுகிறேன்," என்றார்.

சரிபார்க்கப் போகிறாராம். வந்தவளுக்கு ஜெர்மன் எழுதத் தெரியாது என்று நினைப்பு. தேவையில்லை, நானே நேரே அனுப்பிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில் எனக்கு வீடு வரும்வரை இனித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் சொந்தப் பெயரின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னால் தகப்பன் பெயர், பின்னால் தன் பெயர். தகப்பன் பெயரைச் சுருக்கி ஒரு முதலெழுத்தாகப் போட்டுப் புள்ளி வைப்போம். நான் அகதியாக வந்து பதிந்த அன்று மேசையில் இருந்த அதிகாரி, முன்னால் இருந்த ஐயாவின், என் தகப்பனின், பெயரை என் முதற்பெயராகவும், பின்னால் இருந்த என் பெயரைக் குடும்பப்பெயராகவும் எழுதிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை, முன்னால் இருப்பது முதற்பெயர்தானே. அன்றிலிருந்து என் பிள்ளைகள் என் பெயரைக் குடும்பப்பெயராகச் சுமக்கிறார்கள். பல்வைத்தியர் அறையில் முழுப்பெயர் சொல்லி அழைத்தால் செத்துப்போன என் ஐயா எழும்பி வரவேண்டும். ஜெர்மன் மொழியில் குடும்பப்பெயருக்கான பெட்டியில் வெறுமனே 'நாமே' என்று இருக்கும், முதற்பெயருக்கு 'ஃபோர்நாமே', அதாவது முன்பெயர். முப்பது வருஷமாக நான் முன்பெயரில் தகப்பன் வழிப் பெயரையும், நாமேயில் கூப்பிடுகிற பெயரையும் எழுதி வருகிறேன். சரியான முறை எது என்று தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

சமையலறை மேசையில் படிவத்தை விரித்தேன். என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு ஏன் இந்த வேலை? அவையின்ர போர், அவையின்ர கப்பல்," என்றார்.

"அவையின்ர கேக்கும்தான். சும்மா இருங்கோ. இஞ்ச நாமே எண்டு போட்டிருக்கு, பிறகு முன்பெயர் எண்டு இருக்கு."

"நாமே எண்டா கூப்பிடுற பேர்தானே?"

"ஓம், எனக்குத் தெரியும்," என்றேன்.

இந்த வடகடல் கரையில் பல குடும்பப்பெயர்கள் பழைய முதற்பெயர்களிலிருந்து வந்தவை. அந்த அப்பாவின் இரண்டு பெயரும் அப்படி. எதை எங்கே வைத்தாலும் காதுக்கு உறுத்தாது. நாமேயில் அவருடைய மனைவி கூப்பிட்ட பெயரை எழுதினேன். முன்பெயரில் தகப்பன் வழியாக வந்த குடும்பப்பெயரை எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் என்னவோ நாலு வரி இருந்தது, ஜெர்மன்காரர் எதற்கு அடியிலும் நாலு வரி போடுவார்கள் என்று வாசிக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.

திறப்பு விழா வைகாசியில் ஒரு சனிக்கிழமை. அந்த அம்மா ஒரு வாரமாக எந்தச் சட்டை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கடும் நீலச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி. தலைமயிரை நான் சுருட்டிவிட்டேன். இல்லத்தின் வண்டியில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். சங்கத்தார் எல்லாரும் தொப்பியோடு வந்திருந்தார்கள். நகரசபையில் இருந்து ஒருவர் வந்து பன்னிரண்டு நிமிஷம் பேசினார், அதில் நாலு நிமிஷம் காற்று ஒலிவாங்கியில் பேசியது. நாங்களும் ஹம் நகரத்துத் தமிழ்க் கோயில் திருவிழாவில் உபயகாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது சாமியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான். அதனால் பெயர் கேட்க வந்த கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பேச்சைத்தான் சொல்கிறேன்.

துணியை இழுத்தார்கள். கை தட்டினார்கள். நான் சக்கர நாற்காலியைப் பலகைக்குக் கிட்டத் தள்ளினேன். பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. அந்தக் குடும்பப்பெயர் வரவேண்டிய இடத்துக்குப் போனேன். இல்லை. மேலும் கீழும் பார்த்தேன். இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பித் தலைவரைப் பார்த்து, நகரசபைக்காரருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். வாக்கெடுத்தீர்கள், கை தூக்கினீர்கள், பிறகு ஏமாற்றிவிட்டீர்கள், கண் தெரியாத பெண் என்றால் தெரியாது என்று நினைத்தீர்களா என்றேன். இன்னும் சில சொன்னேன். தொப்பியைப் பற்றியும் சொன்னேன்.

தலைவர் கோபப்படவில்லை. கிட்ட வந்து, பலகையில் மேலிருந்து மூன்றாவது வரியைக் காட்டினார்.

"இங்கே இருக்கிறார்," என்றார். "நீங்கள் எழுதி அனுப்பியபடியே."

அந்தப் பலகையில் முன்பெயர்களை எல்லாம் ஓர் எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்திருந்தார்கள். படிவத்தின் அடியில் இருந்த நாலு வரி அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அப்பாவின் முதற்பெயர் முழுதாக, தடிப்பாக, வெண்கலத்தில் நின்றது. அதற்கு முன்னால் O என்று ஒரு வட்டம், ஒரு புள்ளி. குடும்பப்பெயரில் மிஞ்சியது அந்த ஒரு எழுத்துத்தான். வடகடல் கரையில் பிறந்து நோர்வேக்கு அப்பால் செத்த மனிதருக்கு நான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வரவு இடாப்பில் எழுதுகிற மாதிரிப் பெயர் வைத்திருந்தேன்.

அந்த மனிதர் சரிபார்க்கிறேன் என்று கேட்டார். கேட்டார்தானே. அவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். என் முப்பது வருஷ ஜெர்மனைக் காட்டுவதற்காக நான்தான் அவரைப் பார்க்க விடவில்லை.

"கிடைத்ததா?" என்று அந்த அம்மா கேட்டார். சத்தம் போட்டது அவருக்குக் கேட்டிருக்கும், ஆனால் பலகையின் பக்கம் காதைத் திருப்பி, சிரித்த முகமாக இருந்தார். "வாசியுங்கள்."

நான் வாசித்தேன். பலகையில் இருந்தபடி வாசிக்கவில்லை. முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் முழுதாக, இருக்க வேண்டிய ஒழுங்கில் சொன்னேன். பக்கத்தில் நின்ற தலைவர் என்னைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்றதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

"இன்னொருமுறை," என்றார் அந்த அம்மா. இன்னொருமுறை சொன்னேன். குரல் தடுமாறியது, அதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு கையை நீட்டினார்.

"தொட்டுப் பார்க்க வேண்டும்."

வேண்டாம், குளிராக இருக்கும் என்றேன். வைகாசி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையை மடக்கவில்லை. மீன் முள்ளைக் கண் பார்க்காமல் விரலால் கண்டுபிடித்து இழுத்து வாழ்ந்த கை அது. வேறு வழியில்லாமல் அதைப் பிடித்து மூன்றாவது வரியின் தொடக்கத்தில் வைத்தேன்.

விரல் வட்டத்தைச் சுற்றி வந்தது. முகம் விரிந்தது.

"இது எங்கள் எழுத்து," என்றார்.

விரல் அடுத்த இடத்துக்குப் போனது. புள்ளி. அங்கேயே நின்றது. கொஞ்சம் தாண்டிப் போய் அடுத்த எழுத்தைத் தடவியது, அதற்கடுத்ததைத் தடவியது, அது அவர் எதிர்பார்த்தது இல்லை. வரியின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பிப் புள்ளிக்கு வந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். அப்படித் திருப்பினால் அவருக்கு என்னைத் தெரியும்.

"மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

படிவத்தில் பெயரை நான்தான் மாற்றி எழுதினேன் என்றேன். எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சுருக்கி ஓர் எழுத்தாகப் போடுவோம், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வார்த்ததை மாற்ற முடியுமா என்று கேட்கிறேன் என்றேன்.

அவர் திட்டவில்லை. ஆலையில் ஆண்களுக்கே வாய் காட்டியவர், என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். விரலை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கவும் இல்லை. பின்னால் சங்கத்தார் கோப்பி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் இந்தப் புள்ளிக்குள்ளேயா இருக்கிறேன்?" என்று கேட்டார்.

ஓம் என்று தமிழில் என் வாயில் வந்துவிட்டது.